மெய்க்கு அரை மாத்திரை

கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்றதும்
ரேஷன் கார்டை எடுத்து நீட்டுகிறார்கள்.
இல்லைம்மா, மாத்திரை. சர்க்கரை மாத்திரை.
முப்பது நாளைக்கு வாங்கியதில்
மிச்சம் எத்தனை என்று பார்க்கணும்.

எட்டாவது கட்டம் தாய்மொழி.
ஒன்பதாவது சமூகம்.
இருபத்து மூன்றாவது,
வேளை தவறியதற்குக் காரணம்:
குறியீடு ஒன்று முதல் ஏழு வரை.
எந்த இனத்தார் விடாமல் விழுங்குகிறார்கள்,
எவர் விட்டுவிடுகிறார்கள்,
விட்டதில் யாருக்கு எவ்வளவு செலவு ஏறியது
என்று சொல்லப்போகும் அட்டவணை
தரமணியில், குளிரூட்டிய அறையில்,
என் கிறுக்கெழுத்துக்குக் காத்திருக்கிறது.

பெரம்பூரில் நோரீன் டி குரூஸ்
மூன்று கேக் டப்பாக்களைத் திறந்து காட்டினார்.
எல்லாம் ரயில்வே ஆஸ்பத்திரி மருந்து. காசில்லை.
பாதிக்கு மேல் தேதி முடிந்தவை.
வரிசையில் நின்று வாங்கிவந்துவிடுகிறாராம்,
சாப்பிடத்தான் மறந்துபோகிறதாம்.
"சாப்டியாம்மான்னு கேக்கற பையன்
பெர்த்துல இருக்கான். அங்க இப்போ ராத்திரி."
நூற்றுப் பதினொன்று எண்ணினேன்.
நடுவில் ஒரு பட்டன் கிடந்தது,
அதையும் எண்ணிவிட்டுக் கழித்தேன்.

ஜாம்பஜார் மெஹருன்னிசா
நோன்பு மாதம் முழுக்க நிறுத்திவிட்டார்.
எந்த வேளையை எந்த வேளைக்கு மாற்றுவது,
டாக்டரிடம் கேட்கவில்லையா?
"டோக்கன் நூத்திப் பதினெட்டு.
என் முறை வந்தப்போ அவர் தலை நிமிரல.
முதுகைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."
குறியீடு நான்கு: மத வழக்கம்.
என் பேனாதான் எழுதியது.
நிமிராத தலைக்கு
ஏழில் ஒன்றும் இல்லை.

புளியந்தோப்பில் மூன்று முறை போயும் பூட்டு.
நாலாம் முறை ராத்திரி எட்டுக்கு
நாகபூஷணம்மா கையுறை கழற்றிக்கொண்டிருந்தார்.
வீடு தேடி மருந்து கொண்டுவருகிற பெண்ணும்
பதினோரு மணிக்கு இந்தப் பூட்டைத்தான் பார்த்திருப்பாள்;
ஐந்தரைக்கே மஸ்டர்.
ஆகவே மெடிக்கல் ஷாப்,
ஆகவே கத்தரிக்கோல்:
மூணு மாத்திரை குடு தம்பி, சனிக்கிழமை பாக்கலாம்.
வெட்டிய அட்டையில் மருந்தின் பெயர் கடைசி இரண்டெழுத்து,
விலை இருந்த மூலை அடுத்தவருக்குப் போயிருந்தது.
என்னிடம் தமிழிலும் மருமகளிடம் தெலுங்கிலும் சிரித்தார்.
போன வருஷம் கால்விரல் எடுத்த ஆஸ்பத்திரி பில்லை
சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உருவினார்.
நான் கேட்கவில்லை.
கட்டம் முப்பத்தொன்றில் அது வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது பெஹராவைப் பற்றி.

மாதவரம், மெட்ரோ வேலை, தகரக் கொட்டகை.
திரிலோசன் பெஹரா, வயது நாற்பத்தொன்று, ஒடியா.
கொடுத்தது அறுபது. மிச்சம் பூஜ்யம்.
பத்து நாளில் பார்த்த முதல் பூஜ்யம்.
நூறு சதவீதம் என்று எழுதி, அழகாகக் கோடும் இழுத்து,
விரல் நுனியில் ஊசி வைத்தால்
கருவி முந்நூற்று நாற்பத்தாறு காட்டுகிறது.

எனக்கு இந்தி பாதி, அவருக்குத் தமிழ் பாதி.
தலையணைக்கு அடியிலிருந்து
பிளேடு ஒன்றை எடுத்துக் காட்டினார்.
விரலால் காற்றில் ஒரு வெட்டு.
ஒரு பாதி தன் வாய்க்கு.
மறு பாதிக்குக் கை நீண்டது,
தண்டவாளம் இருக்கும் திசையில்.
ஊரில் தம்பிக்கும் இதே வியாதி.
யாராவது ரயிலேறும்போது
பீடிக்கட்டுத் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார்.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை மாத்திரை.
ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது
அந்தத் தகரச் சூட்டில் ஏன் நினைவுக்கு வரவேண்டும்?
சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்,
எதற்கென்று தெரியாமலே.

குறியீடு ஏழு: பிற.
பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
அதில் எழுதினேன்: தம்பி.

நேற்று தரமணியிலிருந்து போன்.
"மேடம், இந்த 'தம்பி'யை எதுல சேக்கறது?
செலவா, மறதியா, கலாச்சாரமா?"

பஸ் மூலக்கடை சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.
நல்ல அமைதி.
சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி
வைத்துவிட்டேன்.